பழசக்கா டிசைனராக இருந்த மதியம்

சினிமாவில் ஏழையாக நடிக்கிறவரின் சட்டை எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்க்காமலே நம்பிவிடுகிறோம், அல்லது ஏன் என்று தெரியாமலே நம்ப மறுக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சிறிய இடத்தில் ஒரு பெண் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறாள். கடையிலிருந்து மடிப்புக் கலையாமல் வரும் புதுத்துணியைப் பழையதாக்கித் தருவது அவள் வேலை. யூனிட்டில் லைட் தூக்குகிறவரிலிருந்து தயாரிப்பாளர்வரை எல்லோருக்கும் அவள் பழசக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும்.

ஸ்டுடியோவின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஓர் அறை அவளுக்கு. உள்ளே இரண்டு பெரிய தொட்டிகள், ஒரு துவைக்கும் இயந்திரம், உப்புத்தாள் நாலு ரகம், கம்பி பிரஷ், நுரைக்கல், காய் துருவும் துருவி, துணிக்குக் கறை ஏற்ற டீ டிகாக்‌ஷன் போட ஓர் அண்டா, மணல் நிரப்பிய சின்னச் சின்னப் பைகள். அந்த மணல் பைகளை ஈரச் சட்டையின் பாக்கெட்டில் போட்டு இரண்டு நாள் கொடியில் தொங்கவிட்டால், பாக்கெட் வருஷக்கணக்கில் எதையோ சுமந்ததுபோலத் தொய்ந்துவிடும். அண்டாவைப் பார்த்து யாராவது புது ஆள் டீ கேட்டு வருவது உண்டு. "குடிக்கலாம், ஆனா பல்லு பத்து வருஷம் பழசாயிடும்" என்பாள்.

அவள் முதலில் ஒரு தையல் கடையில் பட்டன் வைக்கிறவளாக இருந்தாள். அந்தக் கடைக்கு சினிமாக்காரர்கள் துணி கொடுப்பார்கள். ஒருமுறை ஒரு டைரக்டர், கூலித் தொழிலாளி வேஷத்துக்குத் தைத்த சட்டையைத் தூக்கி வீசிவிட்டார். மாப்பிள்ளை சட்டை மாதிரி இருக்கிறது என்று. கீழே விழுந்ததை இவள் எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் நாள் கொண்டுவந்தாள். டைரக்டர் அதை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, யாருடைய சட்டை இது என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு தொழில் கிடையாது.

தேய்மானம் சமமாக இருக்காது என்பது அவள் தானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம். பஸ்ஸில் போகிறவருக்குப் பை மாட்டும் தோள் மட்டும் வெளுக்கும். வலது கையால் எழுதுகிறவருக்கு இடது முழங்கைதான் முதலில் நையும், ஏனென்றால் அதுதான் மேசையில் ஊன்றிக் கிடக்கிறது. ஏழ்மையைப் படமெடுக்கிறவர்கள் பலருக்கு ஏழ்மை என்பது ஒரு நிறம்: மங்கலான பழுப்பு. இவளுக்கு அது துணியில் ஓர் இடம். இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. கவனம் என்று சொல்லலாம். கவனமே அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

கையால் எவ்வளவு செய்தாலும் ஓர் உடம்பு செய்வதை முழுதாகச் செய்ய முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் முக்கியமான துணியென்றால், அதே அளவுள்ள ஓர் ஆளைத் தெருவில் தேடிப் பிடித்து இரண்டு வாரம் போட்டுக்கொள்ளச் சொல்வாள். எதிர்வீட்டு பிளம்பர் இப்படி மூன்று படத்தின் கதாநாயகச் சட்டைகளைப் போட்டு உழைத்திருக்கிறார். பழகிப்போன நேரத்தில் வந்து கழற்றி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். புதுசைக் கொடுத்துப் பழசைப் பிடுங்கிக்கொண்டு போகிற பொம்பளையை உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது என்பார் அவர்.

நான் சொல்ல வந்தது ஒரு பச்சைக் கவுனைப் பற்றி.

அந்த வருஷம் அவள் வேலை செய்த படம் ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை. வாட்ச்மேன் மகள், பெரிய வீட்டுப் பையன், இரண்டு பேருக்கும் பதினேழு வயது. டைரக்டருக்கு இருபத்தெட்டு. முதல் படம். நல்ல பையன்தான்; சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான். ஆனால் அவன் வாழ்க்கையில் மாதக் கடைசி என்று ஒன்று வந்ததே இல்லை என்பது அவன் சட்டையைப் பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. படத்தின் நடுவில் ஒரு காட்சி. பையன் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பெண் முதல்முறையாகப் போகிறாள். அதற்குத்தான் பச்சைக் கவுன், முழுக்கை வைத்தது. அது நன்றாக வெளுத்திருக்க வேண்டும், முழங்கையில் ஓர் ஒட்டு இருக்க வேண்டும் என்றான் டைரக்டர்.

"முதல் ஃப்ரேம்லயே தெரியணும் அக்கா, இவ ஏழைன்னு."

பழசக்கா சரி சார் என்றாள். ஒட்டுப் போட்ட துணியைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண்ணும் தனக்குப் பிடித்தவன் வீட்டுக்குப் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் கேட்டது கருத்து இல்லை, கவுன்.

கதாநாயகியின் அளவும் அவளுடைய மகளின் அளவும் ஒன்றாக இருந்தன. பத்தொன்பது வருஷத்தில் வீட்டு ஆளுக்கே வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. மகளுக்கும் பதினேழு, வீட்டில் குட்டி என்று பெயர். பன்னிரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கவுனை மாட்டிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஒட்டு கடைசியில்தான் என்று உத்தரவு. குட்டி அதைப் போட்டுக்கொண்டு தினமும் பொது நூலகத்துக்குப் போனாள். நுழைவுத் தேர்வு வருகிறது, அங்கே அமைதியாக இருக்கிறது என்றாள். இரண்டு அறை வீட்டில் படிக்கிறவள் சொன்னால் நம்பக்கூடிய காரணம்தான்.

வியாழக்கிழமை கவுனை வாங்கித் தன் அறை ஜன்னலருகில் விரித்தபோது, பழசக்கா முதலில் பின்பக்கத்தைப் பார்த்தாள். மர நாற்காலி, சரியாக இருந்தது. கீழ் விளிம்பு, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பரவாயில்லை. பிறகு இடது கை. தோளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல்வரை, வெளிப்பக்கமாக, நூல் பஞ்சு பஞ்சாக எழும்பிச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருந்தது. சுவரில் சாய்ந்தால் துணி வெளுக்கும், இப்படித் திரளாது. துணிமேல் துணி பட்டால்தான் திரளும். அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். பச்சைக்குள் இரண்டு மூன்று கருநீல இழைகள் சிக்கியிருந்தன. கம்பளி. நல்ல கம்பளி. உராய்வு குட்டியின் தோளுக்கு நாலு விரற்கடை மேலிருந்து வந்திருந்தது, அவளைவிட உயரமான ஆள். அழுத்தமில்லாமல், நீண்ட நேரம், நிறைய நாள். அவசரக்காரன் இல்லை.

இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, தொழில் சந்தோஷம். எவ்வளவு சுத்தமான தேய்மானம் என்று நினைத்தாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒரு சவர பிளேடை எடுத்து அந்தப் பஞ்சையெல்லாம் மெதுவாகச் சிரைத்தாள். மற்ற இரண்டு கவுன்களிலும் (படத்துக்கு எப்போதும் ஒரே துணி மூன்று வேண்டும்) நாற்காலித் தேய்மானத்தையும் படிக்கட்டுத் தேய்மானத்தையும் அப்படியே காப்பி எடுத்தாள். தோளை மட்டும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் குட்டி புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பழசக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"லைப்ரரில உன் இடது பக்கம் யாரு உக்காருவா?"

குட்டி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியில் கவுன் இல்லாத இடத்தைப் பார்த்தாள். அம்மாவிடம் எதை மறைத்தாலும் துணியிடம் மறைக்க முடியாது என்பது சின்ன வயசிலிருந்து தெரிந்த பெண். கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பையன் பல் டாக்டரம்மாவின் மகன். அவன் அப்பாவுக்கு வெளியூர் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கையைக்கூடப் பிடித்ததில்லை, கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருவான், அவ்வளவுதான். அவன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். குட்டியை மட்டும் இல்லை, குட்டியின் அப்பா அம்மாவையும்.

"என்னை எதுக்கு?"

குட்டி நகத்தைக் கடித்தாள். நகத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "நீ டிசைனர்னு சொல்லி வச்சிருக்கேன்."

சினிமா டிசைனரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவுக்கு ஒரே ஆசையாம். அப்பாவை என்னவென்று சொன்னாய் என்று கேட்டதற்கு இன்ஜினியர் என்றாள்.

குட்டியின் அப்பா உண்மையில் லிஃப்ட் மெக்கானிக். அவர் குளித்துவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பரவாயில்லை, கம்பெனி பதினாறு வருஷமாகத் தராத பிரமோஷனை மகள் கொடுத்துவிட்டாள் என்றார். விலாசத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் பொறுப்பில் இருப்பது. தான் வரமுடியாது என்றார். இன்ஜினியர் உள்ளே நுழைந்தால் வாட்ச்மேன் டூல்ஸ் பை எங்கே என்று கேட்பான். "நாலாவது மாடில ஒரு குலுக்குக் குலுக்கும். பயப்படாதீங்க. மாத்த வேண்டிய சாமானுக்குச் சொல்லியிருக்கேன்."

அவர் படுத்த பிறகு அவள் யோசித்தாள். பொய் சொன்னதற்காக மகளை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. குட்டி பொய் சொன்னது அவனுக்காகவா, தன்னைப் பற்றிய வெட்கத்தாலா, தாயைப் பற்றிய வெட்கத்தாலா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாவதாக இருந்தால் அதைப் பழையபடி ஆக்க அவளிடம் வழி இல்லை. இப்போது உண்மையைச் சொல்லப் போய், அந்த வெட்கத்தை மகள் முகத்தில் நேரில் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது? ஒரு மதியம் டிசைனராக இருந்துவிட்டு வருவது அதைவிடச் சுலபம் என்று முடிவு செய்தாள். நான் அதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். தாய்மார்கள் செய்கிற கணக்கு அது.

சனிக்கிழமை முழுதும் தனக்காக வேலை செய்தாள். இருப்பதில் நல்லதைப் போடுகிறவர்களின் துணி புதிதாகத்தான் தெரியும்: இஸ்திரிக் கோடு, விறைத்த காலர். வசதியானவர்களின் துணி, அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டதுபோல இருக்கும். அவள் ஒரு சாம்பல் நிற நீளச் சட்டை தைத்து, எட்டுத் தடவை துவைத்து, இஸ்திரி போடாமல் உதறி மட்டும் காயவைத்தாள். கைகளை ஒழுங்கில்லாமல் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். ஒழுங்கில்லாமல் மடிக்க நாலு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மேடம் யாரைப் பாக்கணும்?" என்றார். குட்டி சிரிக்கவில்லை. பச்சைக் கவுனைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டாள். அது ஸ்டுடியோவுடையது என்று பழசக்கா சொன்னதும் தன் வெள்ளைச் சட்டையையும் நீலப் பாவாடையையும் எடுத்து இஸ்திரி போட்டாள். அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லலாமா என்று தாய்க்கு ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. மகளுக்கு வேஷம் போட அவளுக்குக் கை வரவில்லை.

நாலாவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. இரண்டு பேரும் பயப்படவில்லை.

ஏழாவது மாடி வீடு. பெரிய ஜன்னல், வெள்ளை சோபா, புத்தக அலமாரி, காகிதங்கள் பறக்காமல் இருக்க மேசைமேல் பிளாஸ்டரில் செய்த ஒரு பல் செட். டாக்டரம்மா தலை குளித்து ஈரம் காயாமல் இருந்தார்; வாரத்துக்கு ஆறு நாள் பிறர் வாய்க்குள் குனிகிறவருக்கு வருகிற கழுத்து வளைவு இருந்தது. வாங்க மேடம், வாங்க மேடம் என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பேசக்கூடியவர். வீட்டில் பேச ஆளில்லாதவர் என்றும் சொல்லலாம். ஒரு கதாபாத்திரத்துக்கு என்ன துணி என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டார்.

பழசக்கா கொஞ்சம் யோசித்து, அந்த ஆள் எதில் போகிறார் என்று முதலில் பார்ப்பேன் என்றாள். பஸ்ஸிலா, காரிலா, நடந்தா. உட்கார்ந்து வேலையா, நின்று வேலையா. ராத்திரி துணியைத் துவைக்கிறது அவரா, வேறு யாராவதா. டாக்டரம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் அவளுக்கு உண்மையான பதில் தெரிந்திருந்தது. மகள் மூச்சு மெல்ல மெல்லச் சீராவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் உணர்ந்தாள். விட்டிருந்தால், அன்று மாலை அவள் டிசைனராகவே வீடு திரும்பியிருப்பாள்.

பையன் அதுவரை சமையலறையில் இருந்தான். பொரித்த மீன் தட்டோடு வந்தான். உயரம் அவள் கணக்குப் போட்டபடியேதான் இருந்தது. முகத்தில் முளைத்தும் முளைக்காத மீசை. மேசையைச் சுற்றி வந்து அவள் தட்டருகே குனிந்து பரிமாறினான். நீலச் சட்டை. இரண்டு முழங்கையும் கந்தலாக இருந்தன. காலர் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது.

அவள் கை தானாகப் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தது. கட்டைவிரலால் முழங்கையைத் தடவி, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். தையல் நூல் பளபளவென்று புதிதாக இருந்தது.

"ரெண்டு கையும் ஒரே அளவு தேயாது தம்பி. நீ எழுதறது வலது கையில. இடதுதான் போகணும். எதுல வச்சுத் தேய்ச்ச? கல்லுலயா?"

பையன் மீன் கரண்டியோடு அப்படியே நின்றான். "பாத்ரூம் கல்லுல ஆன்ட்டி."

"காலர்?"

"துருவி."

"சின்னக் கண்ணு இருக்கற பக்கமா தேய்ச்சிருக்கணும். இது அவசரத்துல செஞ்ச வேலை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவன் கையை விட்டாள். குட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது மடல் சிவந்திருந்தது. டாக்டரம்மா மகனுடைய முழங்கையை அப்போதுதான் பார்த்தார். போன மாதம் வாங்கின சட்டை என்றார் முதலில். பிறகு விருந்தாளி முன்னால் கோபப்படக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு, "பாத்தீங்களா, டிசைனர் கண்ணுலேர்ந்து ஒண்ணும் தப்பாது" என்றார்.

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். பழசக்கா தலையை அசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது தன் பொய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதை வைத்திருப்பதோ விடுவதோ மகளுடைய உரிமை. மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். இன்னொரு முள்ளையும் எடுத்தாள்.

"அம்மா டிசைனர் இல்ல ஆன்ட்டி," என்றாள் குட்டி. குரல் முதலில் சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "டிசைனர் வேற ஒருத்தங்க. அவங்க வாங்கிட்டு வர்ற புதுத்துணியை அம்மா பழசாக்குவாங்க. கையால. அதுதான் வேலை. நான்தான் பொய் சொன்னேன். அப்பா இன்ஜினியரும் இல்ல."

"அப்பா எங்க லிஃப்டுக்கு வர்றவர்," என்றான் பையன்.

குட்டி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதல் வாரமே தெரியுமாம். நூலக வாசலில் அவர் ஸ்கூட்டரில் அவளை இறக்கிவிட்டதைப் பார்த்தானாம். அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். இன்று இவர்கள் வந்து உட்காரும்போது தான் மட்டும் புதுச் சட்டையில் இருந்தால் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தான். பழைய சட்டை தன்னிடம் இல்லை என்பது காலையில்தான் அவனுக்குத் தெரிந்தது.

எதிரே பழசக்கா எட்டுத் தடவை துவைத்த சாம்பல் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். ஏறி வருகிறவர்களும் இறங்கி வருகிறவனும் ஒரே படிக்கட்டில் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டதுபோல இருந்தது அவளுக்கு. சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அந்த முகத்தில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா? நான் என்ன கடிச்சுடுவேன்னா எல்லாரும் நினைச்சீங்க?"

நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது? சட்டை முழங்கையைச் சரிசெய்து தருகிறேன் மேடம் என்றாள் பழசக்கா. வேண்டாம், நீங்க சாப்பிடுங்கம்மா என்றார் டாக்டரம்மா.

மேடம் போய் அம்மா வந்துவிட்டதை மூன்று பேரும் கவனித்தார்கள். மரியாதையில் குறைவில்லாத சொல்தான். ஆனால் வாசலில் காய்கறி கொண்டுவருகிறவளையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்குப் பிறகு அவர் துணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குட்டியின் மதிப்பெண்களைப் பற்றிக் கேட்டார், முள் இல்லாத துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். தள்ளி வைத்ததும் தட்டில் வைத்ததும் ஒரே கைதான். மனிதர்களைப் பற்றி முடிவுக்கு வர அவசரப்படக் கூடாது என்று நான் படித்த பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையில் அது கடினமான பாடமாக இருந்திருக்கும். விடைபெறும்போது, பரீட்சை முடியும்வரை நூலகத்தில் படிப்பு மட்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். வராதே என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு நிறுத்தம்வரை குட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கெடுத்துட்டேனா?" என்றாள் பழசக்கா.

"நீ அவன் கையைப் பிடிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. டிசைனர் யாராவது அப்படிப் பிடிப்பாங்களா?"

"எப்படிப் பிடிப்பாங்க?"

குட்டி யோசித்தாள். "தெரியல. அவனுக்கு வலது கைப் பழக்கம்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே."

"பரிமாறினான்ல."

"அதைத்தான் சொல்றேன்." பிறகு தாயின் பக்கம் திரும்பி, "டாக்டர் ஆன்ட்டி டிசைனர்னு சொன்னப்போ நீ முள்ளு எடுத்துக்கிட்டிருந்த. அதைப் பாத்தேன். அப்படி முள்ளு எடுக்கற பொம்பளையை எனக்குத் தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்றாள்.

தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது தெரிந்துவிட்டது. சட்டைக் கைகளின் ஒழுங்கில்லாத மடிப்பைப் பிரித்து, இரண்டையும் ஒரே அளவாக மடித்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை அந்தச் சாப்பாட்டுக் காட்சி. கதாநாயகி பச்சைக் கவுனில், முழங்கையில் ஒட்டோடு, நீள மேசைமுன் உட்கார்ந்தாள். ஐந்து டேக் போயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, எதுவும் உயிரோடு இல்லை. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டு வந்து, துணி சரிசெய்ய நின்றிருந்த பழசக்காவின் பக்கத்தில் நின்றான். ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை என்றான். முதல்முறையாகக் கருத்துக் கேட்டான்.

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. சொல்வதற்கு அவளிடம் இருந்தது. பெண்ணுக்கு ஒட்டு வேண்டாம், இருப்பதில் நல்லதை இஸ்திரிக் கோட்டோடு போடுங்கள். பையனுக்குத்தான் கந்தல் போட வேண்டும், அவன் அதை பாத்ரூம் கல்லில் தானே தேய்த்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி. அதைக் கேட்டிருந்தால் டைரக்டர் துள்ளியிருப்பான். படம் முழுதும் அந்தக் காட்சியைச் சுற்றி நின்றிருக்கும். அதை நினைக்கும்போது அவளுக்கே ஆசையாக இருந்தது. நல்ல வேலை வீணாகப் போகிறதைப் பார்க்க அவளால் முடியாது. ஆனால் அது மகளுடைய மதியம்.

"ஒட்டை எடுத்துடலாம் சார். நல்ல துணியா போட்டுக்கிட்டுத்தான் அவ போவா," என்று மட்டும் சொன்னாள்.

அவன் யோசித்தான். "உங்களுக்கும் இந்த வயசுல ஒரு பொண்ணு இருக்குல்ல அக்கா? அது இப்படி ஒரு வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்? சும்மா சொல்லுங்க."

"அவ சின்னப் பொண்ணு சார்," என்றாள் பழசக்கா. "அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

அவன் நம்பினான். ஒட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆறாவது டேக்குக்குப் போனான். அவள் கதாநாயகியின் கைப்பக்கம் குனிந்து, ஒட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.